மேல்மாடிக்குச் சணல் வேண்டாம்

ஸான்ஸ்கி மோஸ்ட்,
மார்ச் கடைசி ஞாயிறு, மதியம்

அன்பு மகள் ஸெரினாவுக்கு அம்மா எழுதுவது. ஸலாம். இங்கே நானும் உன் அப்பாவும் பூனையும் சுகம். உன் படத்தைத் தினமும் போனில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம், இருந்தாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த மால்மோ காற்றில் காதை மூடிக்கொண்டு போகிறாயா. போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. போனில் நான் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், பின்னால் உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல நடந்துகொண்டே இருப்பார், கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கும், நானும் ஒன்றைத் தொடங்கி ஒன்பதுக்குத் தாவிவிடுவேன். அதனால் மால்மோவுக்குப் போகிற வேனில் உனக்கு அனுப்புகிற பார்சலோடு இதையும் வைக்கிறேன். முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது நெட்வொர்க் போகவில்லை. நான்தான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

நீ கேட்டது அப்படிப்பட்ட கேள்வி. பல் செய்கிற ஆய்வுக்கூடத்தில் உன்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள், ஏப்ரல் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய், நான் சந்தோஷத்தில் கத்துவதற்குள் நீ சொன்னாய், "மேல வேலை முடிஞ்சிருச்சாம்மா? முடிஞ்சிருந்தா இப்பவே சொல்லிடு. நீங்க ரெண்டு பேரும் எனக்காக ஒரு மாடியே கையால கட்டி வச்சிருக்கும்போது நான் இங்க எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" எனக்கு உடனே பதில் வரவில்லை, அமுக்கிவிட்டேன். இப்போது பதில் இருக்கிறது. ஆனால் அது குழாய் வழியாகத்தான் வந்தது, அதனால் குழாயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, சலித்துக்கொள்ளாமல் படி. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த கடையை மூடினார்கள், அதே வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது, குழாய்க்காரர் வியாழக்கிழமை வருகிறேன் என்றார், எந்த வியாழன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தவள்தான். இன்றைக்கு இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் நான் படுத்து எழுந்திருக்கிறேன். ஒருத்தர் மூன்று குழாயை இணைத்துக் காட்டுகிற இருபது நிமிட வீடியோவை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைப் பார்த்து நீதானே சொன்னாய், மற்ற அம்மாக்கள் தொடர் பார்த்து அழுவார்கள், என் அம்மா மரை வெட்டுவதைப் பார்த்து அழுகிறாள் என்று. அழுதது நிஜம்தான். அவ்வளவு சுத்தமான மரை அது.

போன ஆகஸ்ட்டை நீ மறந்திருக்க மாட்டாய். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுக்கும் பிள்ளைக்கென்று ஒரு மேல்மாடி இருக்கிறது, எல்லா மேல்மாடியிலும் ஆகஸ்டில் மட்டும் விளக்கு எரிகிறது. மற்றவர்கள் மகனுக்குக் கட்டுகிறார்கள், நாங்கள் மகளுக்குக் கட்டினோம், பக்கத்து வீட்டு ஹய்ரா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பொண்ணு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ, யாரு அங்க குளிக்கப் போறது, பூனையா என்று கேட்டதும் உனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம் இலையுதிர் காலத்தில் மேல்மாடிக் குழாய் முழுவதையும் நான் ஒருத்தியே போட்டேன். ஜி.ஐ. இரும்புக் குழாய், மரை வெட்டி, சணல் நாரைச் சீவி, மரை ஓட்டத்திலேயே சுற்றி, மேலே பசை தடவி, ரெஞ்சால் இறுக்கி, மொத்தம் முப்பத்தாறு இணைப்பு. குழாய்க்காரர்கள் குரூப்பில் படம் போட்டேன், இருநூறு இதயம் விழுந்தது, யாரையும் பாராட்டாத அந்தக் க்ராகுயெவாட்ஸ்காரரே சணல் ஒழுங்காகச் சீவியிருக்கு என்று எழுதினார், அதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். சோதித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. பிறகு பனி வந்தால் குழாய் வெடிக்குமே என்று தண்ணீரை வடித்து மேல்மாடியைப் பூட்டினோம். ஒன்பது மாதம் கழித்து, நீ வந்து இறங்கிய அன்று, பெருமையாக வால்வைத் திறந்தேன். சுவருக்குள்ளே எறும்பு ஊர்வதுபோல ஒரு சத்தம், அப்புறம் சமையலறைக் கூரையில் ஒரு ஈர வட்டம், அப்புறம் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்து வைத்த பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பீட்டாவின் மேல் சொட்டுச் சொட்டாக மழை. நீ முதலில் சிரித்தாய். நான் ஏணி மேல் நின்று அழத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாய். "அம்மா, எனக்காக இவ்வளவு செய்யாத. எனக்குப் பயமா இருக்கு" என்றாய். நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். பத்து நாளும் நீ கீழே சோபாவில் படுத்தாய், முதுகு வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, பத்தாம் நாள் வேனில் ஏறிப் போனாய்.

நீ போன மறுநாள் நானும் அப்பாவும் ஸ்லாவிட்ஸாவின் கடைக்குப் போனோம். குழாய்ச் சாமான் கடையில் சின்ன வயதில் நீ சாக்லெட் கேட்டு அழுதாயே, அதே கடைதான், இப்போது அவள்தான் கல்லாவில் நிற்கிறாள். என் வயதுதான் இருக்கும், ஆனால் எல்போ என்கிற வளைவுத் துண்டைக் கையில் எடுத்தாலே எடையை வைத்து எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவாள். யார் சணல் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு கேள்வி இருக்கும். என்னிடமும் கேட்டாள், "மேல யாராச்சும் குடியிருக்காங்களா மெர்ஸிஹா?" நான், "இருக்காங்க" என்றேன். யாரு என்றாள். "என் பொண்ணு. வரப் போறா." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வரப் போறாளா, இருக்காளா?" என்றாள். நான் சணல் கட்டைக் கை காட்டினேன். "இந்த ஊர்ல எல்லாரும் இருக்காங்கன்னுதான்டீ சொல்றாங்க. வியன்னாவுல இருக்கிறவன், ஓஸ்லோவுல இருக்கிறவன், எல்லாரும் இங்க மேல்மாடியிலதான் இருக்காங்களாம். நான் சணல் வித்தே பணக்காரி ஆயிடுவேன்" என்று சொல்லிவிட்டு விவரமாகச் சொன்னாள். சணல் தண்ணீர் குடித்து உப்பி நிற்கிற சாமான். தினமும் குழாய் திறக்கிற வீட்டில் அது ஐம்பது வருடம் நிற்கும், நாளாக நாளாக இன்னும் இறுகும். மாதக்கணக்கில் காய விட்டால் சுருங்கிவிடும், பசையும் வறண்டுவிடும், மறுபடி தண்ணீர் வந்து அது உப்புவதற்குள் கூரை நனைந்துவிடும். வேலை சரியாகத்தான் செய்திருக்க, வீடுதான் காலி என்றாள். இயந்திரத்தால் அழுத்தி இணைக்கிற குழாய் போடு, உள்ளே ரப்பர் வளையம் இருக்கும், காய்ந்தாலும் நனைந்தாலும் அதற்கு ஒன்றுதான் என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குரூப்பில் இருநூறு இதயம் வாங்கியவளிடம் போய் இப்படிச் சொன்னால் வராதா. ஒரு பெரிய சணல் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அப்பா கடையில் ஆணிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏன் சணலையே பிடித்துத் தொங்குகிறாய் என்று நீ கேட்பாய், அதனால் சொல்கிறேன், எல்லா வழியையும் யோசித்துத்தான் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய் நம் வீட்டுக்கு ஆகாது, வெந்நீர் விறகடுப்பிலிருந்து வருகிறது, அப்பா நாலு கட்டை அதிகமாக வைத்துவிட்டால் தண்ணீர் கொதித்தே மேலே ஏறும், பிளாஸ்டிக் இளகி நூடுல்ஸ் மாதிரி வளைந்துவிடும். செம்புக் குழாய் போட்டு நெருப்பு வைத்து ஈயத்தால் பற்றவைக்கலாம், வீடியோவில் அது எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா, உருகின ஈயம் இணைப்புக்குள் தானாக ஓடி ஒளிந்துகொள்ளும், நான் அதை நாற்பது தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் மேலே சுவர் முழுக்க அப்பா உனக்காகப் பைன் பலகை அடித்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு இணைப்பு செய்து பார்த்தேன், பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கரி, அதன் மேல் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டேன், அப்பாவுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது, நீயும் சொல்லாதே. மரைக்குப் போடுகிற பசை ஒன்று இருக்கிறது, காற்றுப் புகாத இடத்தில் கல்லாக இறுகிவிடும், காய்ந்தாலும் ஒழுகாது, ஆனால் எப்போதாவது கழற்ற வேண்டுமென்றால் சூடு காட்டித்தான் கழற்றணும், மறுபடியும் நெருப்பு, மறுபடியும் பைன் பலகை. அழுத்தி இணைப்பது பிடித்தால் பிடித்ததுதான், மாற்ற வேண்டுமென்றால் குழாயை வெட்ட வேண்டும். சணல் அப்படியில்லை, ரெஞ்சை வைத்துத் திருப்பினால் கழன்று கொடுக்கும், மூன்று பக்கம் பிரிகிற ஒரு டீ இணைப்பைச் சேர்க்கலாம், இன்னும் ஒரு முழம் நீட்டலாம். நீ வந்து குடியேறின பிறகு துணி துவைக்கிற இயந்திரத்தை இந்த மூலையில் வேண்டாம் அம்மா, அந்த மூலையில் வை என்பாய், சின்னதாக ஒரு தொட்டி வேண்டும், உயரம் குறைவாக, குழந்தைக்கு எட்டுகிற மாதிரி என்பாய். நீ கேட்காத கேள்விக்கெல்லாம் நான் பதில் வைத்திருந்தேன். அதனால்தான் சணல்.

செப்டம்பரில் முப்பத்தாறு இணைப்பையும் கழற்றி, பழைய சணலைச் சுரண்டி எடுத்து, புதுசு சுற்றினேன். நவம்பரில் பனிக்கு முன்னால் தண்ணீரை வடித்துவிடு ஃபெரித் என்று உன் அப்பாவிடம் சொன்னேன், ம் என்றார். அந்த ம் என்ன ம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஜனவரியில் பார்த்தால் விறகு அடுக்கு வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறது, தண்ணீர் மீட்டரும் நாங்கள் இரண்டு பேர் புழங்குவதற்கு மேல் ஓடுகிறது. விறகை விடு, மீட்டர் ஓடினால் எனக்குத் தூக்கம் வருமா. கசிவு எங்கேயோ இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். குரூப்பில் கேட்டேன், எழுபது பேர் எழுபது இடம் சொன்னார்கள், க்ராகுயெவாட்ஸ்காரர் உன் மீட்டர்தான் குடிகாரன் என்றார். மரக்கரண்டியைச் சுவரில் வைத்து அதன் காம்பில் காதை வைத்துக் கேட்டேன், நிஜமாகவே கேட்கும், ஒரு வீடியோவில் பார்த்தது. ஜன்னல் வழியாக ஹய்ரா அக்கா பார்த்துவிட்டு, சுவரு என்னடி சொல்லுது, மாப்பிள்ளை எந்த ஊர்னு கேளு என்றாள். நிலவறையில் மண்ணைத் தோண்டிக்கூடப் பார்த்தேன். உன் அப்பா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார் ஸெரினா. மூன்று வாரம் நான் தேடத் தேட அவர் விளக்குப் பிடித்தார், ஒன்றுமே சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பாய்லர் பார்க்கப் போன வீட்டில் ஆள் இல்லாததால் பாதி மதியத்திலேயே திரும்பி வந்தேன். உள்ளே நுழைந்ததும் மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம். கிடைத்தது கசிவு என்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ரெஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தால் உன் குளியலறை வாசலில் உன் அப்பா. பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மரம் அறுக்கிற வேலையிலிருந்து வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை, மேல்மாடி அடுப்பு எரிகிறது, அதன் மேல் காப்பி, மடியில் வால்நட் கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார், குளியலறையில் வெந்நீர்க் குழாய், பச்சைத்தண்ணீர்க் குழாய், கழிப்பறைக் குழாய், எல்லாம் நூல் மாதிரி மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன பண்ற ஃபெரித் என்றேன். தண்ணி ஓட விடுறேன் என்றார், கொட்டையை உடைக்கிறேன் என்கிற மாதிரி. எத்தனை நாளாக என்றேன். நவம்பரிலிருந்து, நாளைக்கு அரை மணி நேரம் என்றார். தண்ணீரை வடிக்கவே இல்லை, பனியில் உறையாமல் இருக்கத் தினமும் அடுப்பையும் பற்றவைத்திருக்கிறார், எனக்கு வந்த கோபத்தில் நிலவறை மண்ணெல்லாம் கண் முன்னால் வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், "ஸ்லாவிட்ஸா சொன்னால்ல, காயக் கூடாதுன்னு. குடியிருந்தா ஒழுகாதுன்னு. நீ மறுபடியும் ஏணியில ஏறி அழ வேண்டாம்னுதான்." அப்புறம் இன்னொரு கொட்டையை உடைத்துவிட்டு, "அவ வர்ற வரைக்கும்தானே" என்றார். எப்ப வர்றாளாம் என்று கேட்டேன். அவர் எழுந்து ஒவ்வொரு குழாயாக மூடினார். ரொம்ப மெதுவாக மூடினார். தினமும் அரை மணி நேரம் உனக்குப் பதிலாக அங்கே குடியிருந்திருக்கிறார், கண்ணு. திட்ட நினைத்து ஏறினவள், இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அவர் உடைத்த வால்நட்டைத் தின்றுவிட்டுக் கீழே இறங்கினேன். அதற்கப்புறம் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் நிறுத்தவில்லை. மழைக் குளிரில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்வது உனக்குத் தெரியும், ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிற சத்தம் கீழே எனக்குக் கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிறு நீ கூப்பிட்டாய். போனை அமுக்கிவிட்டு நான் நேராக மேலே போனேன். டைல்ஸ் ஒட்டுகிற எனெஸ் ஒரு வாரத்தில், அதாவது நாளை திங்கட்கிழமை, வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தான், அவன் ஒட்டிவிட்டால் அப்புறம் சுவரைத் திறக்க முடியாது, உள்ளே எது இருக்கிறதோ அதுதான். நான் சுற்றின சணல் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் ஈரமில்லை. அழகாகத்தான் செய்திருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் முப்பத்தாறும் என்னைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டது, நாளைக்கு யார் குழாயைத் திறப்பது. அப்பா ஏறுவார், அவரால் முடியாத வருடம் நான் ஏறுவேன், அதற்கப்புறம் நீ மால்மோவை விட்டுவிட்டு வந்து ஏற வேண்டும். நீ இல்லாவிட்டால் ஒழுகுகிற ஒரு வீட்டை உனக்குப் பரிசு என்று கட்டி வைத்திருக்கிறேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நீ பயம் என்று சொன்னது எதை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஏழு மாதம் கழித்து, குளியலறைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. வீடியோவில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், இதைச் சொல்லித் தர மாட்டேன் என்கிறார்கள்.

வியாழக்கிழமை ஸ்லாவிட்ஸா கடைக்குத் தனியாகப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர், மகன் வியன்னாவில் இருக்கிறவர், கையில் சணல் கட்டோடு நின்றார். ஸ்லாவிட்ஸா அவரைக் கேட்க வாய் திறந்தவள் என்னைப் பார்த்ததும், "என்ன மெர்ஸிஹா, சணலா? மேல யாராச்சும் குடியிருக்காங்களா?" என்று வழக்கமான கிண்டலோடு கேட்டாள். நான், "இல்ல" என்றேன். சொல்வதற்கு எவ்வளவு சின்ன வார்த்தை, நான் மூன்று வருடமாக அதை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஸ்லாவிட்ஸா கிண்டலை விட்டுவிட்டாள். எப்பவுமே இல்லையா என்று மெதுவாகக் கேட்டாள். "ஆகஸ்ட்ல பத்து நாள். அதுவும் லீவு கிடைச்சா." அவள் கல்லாவைச் சுற்றி வெளியே வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், பிறகு உள்ளே போய்க் குழாயை அழுத்துகிற இயந்திரத்தை எடுத்து வந்தாள். அந்தப் பெரியவர் கையிலிருந்த சணலைப் பார்த்தார். திருப்பி வைக்கவுமில்லை, வாங்கவுமில்லை. நான் கிளம்பும்போதும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், சணலை எல்லாம் எடுக்கப் போகிறேன், இனிமேல் யாரும் மேலே ஏறித் தண்ணீர் விட வேண்டாம் என்று. அவர் சூப்பைக் குடித்து முடித்தார், தட்டைக் கழுவினார், ரொட்டித் துணியை மடித்தார். நீயும் ஒத்துக்கிட்டியா என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார், கன்றுக்குட்டி கனம் கனக்கும் அது, முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் குழாயின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையில் நான். கீழே இருக்கிற பழைய ஜி.ஐ. அப்படியே, அதிலிருந்து பித்தளை, அப்புறம் மேலே எல்லாம் செம்பு. தண்ணீர் ஜி.ஐ.யிலிருந்து செம்புக்குப் போகலாம், செம்பிலிருந்து திரும்பி ஜி.ஐ.க்கு வரக் கூடாது, வந்தால் அரித்துத் தின்றுவிடும், உன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வேறு உலோகப் பல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நாக்கில் சுர்ரென்று இருக்கும் என்று சொன்னாயே, அதே கதைதான். குழாயை நேராக வெட்டணும், விளிம்பில் பிசிறில்லாமல் வழிக்கணும், எவ்வளவு ஆழம் போகணும் என்று கோடு போடணும், கோடு வரைக்கும் செருகணும், இயந்திரத்தின் வாயைப் பொருத்தி விசையை அமுக்கினால் ஆறு ஏழு விநாடி உறுமிவிட்டு ஒரு டக். அவ்வளவுதான், நெருப்பில்லை, புகையில்லை. அந்த டக் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா, நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன், முழுதாகக் கேள். இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றே ஒன்று, ஏதாவது ஒரு இணைப்பை அழுத்த மறந்துவிடுவது. மறக்காமல் இருக்க அழுத்தினதில் எல்லாம் குறி வைக்கணும், என் பேனா காய்ந்துவிட்டது, உன் மேசை இழுப்பறையில் நீ பதினாறு வயதில் வாங்கின சிவப்பு நகப்பூச்சு இருந்தது, அதைத்தான் வைத்தேன். உன் குளியலறைச் சுவருக்குள் நாற்பத்திரண்டு இடத்தில் உன் நகப்பூச்சு இருக்கிறது, இனி யாரும் பார்க்கப் போவதில்லை, நீ தெரிந்து வைத்துக்கொள்.

நேற்று இரவு பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிவிட்டு விட்டேன், இன்று காலை வரை முள் மயிரிழைகூட இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் அப்பா வாயைத் திறந்தார். கைகழுவும் தொட்டிக்கு அடியில் சுவருக்கு வெளியே ஒரு வால்வு இருக்கிறதே, அது எப்படியும் மரைதான், நான் நைலான் நூல் சுற்றியிருப்பேன். "அந்த ஒண்ண மட்டும் எனக்கு விட்டுடு" என்றார். சணல் சுற்றப் போகிறாராம். நான் சணல் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவரே சுற்றினார், மரை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக முதலில், நான் திருத்தினேன், மறுபடி சுற்றினார், குருவிக்கூடு மாதிரி இருக்கிறது, குரூப்பில் படம் போட்டால் என்னைத் துரத்திவிடுவார்கள். ஆனால் ஒழுகவில்லை. ஒழுகினாலும் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார், அவர் உட்கார்ந்திருந்த அதே வாளி. வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து திறந்து பார்ப்பாராம், குளிர்காலத்தில் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை, இந்த வருடம் விறகு ஒரு அடுக்கு கூடுதலாகச் சொல்லிவிட்டேன்.

ஆகவே ஸெரினா, நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், மேல்மாடி முடிந்தது. நாளை எனெஸ் வந்து சுவரை மூடிவிடுவான். அது பத்து மாதம் காய்ந்து கிடந்தாலும் தாங்கும், மூன்று வருடம் கிடந்தாலும் தாங்கும், நீ வந்து வால்வைத் திறந்தால் அன்றைக்கே தண்ணீர் வரும், வராமலே இருந்தாலும் அது யார் தலையிலும் சொட்டாது. குடியிருக்க ஆள் வேண்டும் என்று அது கேட்காது. நீ கையெழுத்துப் போடு. பதினைந்தாம் தேதி வரை காத்திருக்காதே, கடிதத்தைப் படித்து முடித்த மறுநாளே போடு, நல்ல பேனாவால் போடு. துணி துவைக்கிற இயந்திரம் எந்த மூலையில் என்று என்றைக்காவது நீ சொன்னால் நான் குழாயை வெட்டிக்கொள்வேன், வெட்டத் தெரியும் எனக்கு. அந்தத் தொட்டிக்கு அடியில் இருக்கிற ஒன்று அப்பாவுடையது, அதை நீ உன் பாரத்தில் சேர்த்துக்கொள்ளாதே.

பார்சலில் உலர்ந்த இறைச்சி, சிவப்பு மிளகாய்ப் பச்சடி நாலு ஜாடி, காப்பி, உன் பச்சைச் சட்டை இருக்கிறது. காலுறைக்குள் கனமாக ஒன்று இருக்கும், பயந்து போகாதே, நான் முதன்முதலில் அழுத்தின இணைப்பு, உள்ளே வளையம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய நெடுக்காக வெட்டியிருக்கிறேன், ஆய்வுக்கூடத்தில் மேசை மேல் வை, யாராவது கேட்டால் எங்கம்மா செய்தது என்று சொல். ஜாடிகளை மறக்காமல் மூடியோடு திருப்பி அனுப்பு, போன தடவை மூடி இல்லாமல் மூன்று வந்தது. அல்லாஹ் உன்னை நல்ல மனிதர்களுக்கு நடுவில் வைக்கட்டும், உன் கை தொட்ட வேலை எல்லாம் நிற்கட்டும், காதை மூடிக்கொண்டு போ.

உன்னை நினைத்துக்கொண்டே கையில் செம்புத் தூளோடு எழுதும்,
அம்மா மெர்ஸிஹா

நீயும் ஏதாவது எழுது என்று அப்பாவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போனார், மூக்கில்தான் இருந்தது. இது அவர் எழுதினது:

கையெழுத்துப் போடு கண்ணு. குழாயை நான் பாத்துக்கறேன். அப்பா.